மரத்தில் வண்ணமா, ஆணியில் தகடா? மலைப்பாதைக் குறிகள் குறித்து ஓர் அலசல்

காட்டுவழி ஒன்றுக்குக் குறியிடும் பொறுப்பு எங்கள் நடைக்குழுவிடம் வந்தபோது, பல நாடுகளின் முறைகளை அலசிய பிறகு, மரத்திலும் பாறையிலும் வண்ணப் பட்டை தீட்டும் முறையையே தேர்ந்தெடுத்தோம். ஆகவே என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை மறைக்கப்போவதில்லை.

கண்ணுக்குத் தெரிவதைப் பொறுத்தவரை எல்லா முறைகளும் ஏறத்தாழ ஒன்றுதான். அமெரிக்காவின் அப்பலாச்சியன் பாதையில் 2 அங்குல அகலமும் 6 அங்குல உயரமும் கொண்ட வெள்ளைப் பட்டை, நியூசிலாந்துக் காடுகளில் ஆரஞ்சு நிற முக்கோணத் தகடு, நார்வேயின் மலைகளில் சிவப்பு 'டி' எழுத்து என ஒவ்வொன்றும் தன் வேலையைச் செய்துவிடுகிறது.

வேறுபாடு பராமரிப்பில்தான் வெளிப்படுகிறது. ஆணியடித்த தகட்டை, மரம் பருக்கப் பருக்க மரப்பட்டை மூடி விழுங்கிவிடும். அதைத் தவிர்க்க ஆணியைத் தளர்த்திக்கொண்டே இருக்க வேண்டும், இல்லையேல் ஒருநாள் தகடு தெறித்து விழ, அந்த இடத்தில் குறியே இல்லாமல் போய்விடும். வண்ணமோ மெல்ல மெல்ல மங்குவதால், அழியப்போவதை முன்கூட்டியே காட்டிவிடுகிறது. ஒரு டப்பாவும் ஒரு தூரிகையும் இருந்தால் ஒரே ஆள் நடந்துகொண்டே அதைப் புதுப்பித்துவிடலாம். 1889-இல் முதல் பாதைக்குக் குறியிட்ட செக் நாட்டு மலைநடைக் கழகம், இன்று 40,000 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட பாதைகளைத் தன்னார்வலர்களைக் கொண்டே பராமரிப்பது இதனால்தான் சாத்தியமாகிறது என்பது என் கணிப்பு. அவர்களது குறியில் இரு வெள்ளைப் பட்டைகளுக்கு நடுவே சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள் ஆகியவற்றுள் ஒரு நிறம் இருக்கும். பொழுது சாயும் நேரத்தில் நடுநிறம் மங்கினாலும் வெள்ளை கண்ணில் படும்.

வண்ணத்தால் 'இவ்வழி வேண்டாம்' என்றும் சொல்ல முடியும்: பிரான்சின் நெடும்பாதைகளில் வெள்ளையும் சிவப்பும் குறுக்காக வெட்டிக்கொண்டால் அது தவறான வழி. வழிகாட்ட அடுக்கிவைக்கும் கற்குவியலுக்கு அந்த வசதி இல்லை. போகிறவர்கள் விளையாட்டாகக் கல் அடுக்கிவைத்துப் புதிய குழப்பத்தையும் உண்டாக்கிவிடுகிறார்கள். ஆயினும் மரமே இல்லாத, பனி மூடும் உயரங்களில் நான் குறியிட்டதில்லை. பாறையின் பட்டை பனிக்கடியில் மறையும் அங்கே உயர்ந்த கற்குவியலே மேலாக இருக்கலாம்.

சுவிட்சர்லாந்தின் மஞ்சள் கைகாட்டிகள், நடக்க ஆகும் நேரத்தையும் எழுதிவைப்பதால், யாருக்கும் ஆசையைத் தூண்டும். ஆனால் சந்திப்புகளுக்கு இடையே அவர்களும் வண்ணக் குறிகளையே நம்புகிறார்கள். மலைப்பாதை என்றால் வெள்ளை-சிவப்பு-வெள்ளைப் பட்டை.

வண்ணத்தின் குறை, பாதையை மாற்றும்போதுதான் தெரிகிறது: தகட்டைக் கழற்றிவிடலாம், பட்டையையோ மரத்தின் நிறம் கொண்டு ஒவ்வொன்றாக மறைக்க வேண்டும். எங்கள் பாதையில் ஒரு வளைவை மாற்றியபோது, மறைக்காமல் விட்ட ஒரே பட்டை இருவரை ஓடைவரை இறக்கிவிட்டது.