கப்பியா, ஃபைட்டரா: இனம் தேர்ந்து வளர்க்க எது தோது?

கப்பி மீனில் கூடு, முட்டை என்ற தொல்லை இல்லை. ஏறக்குறைய 28 நாளுக்கொரு முறை குஞ்சாகவே போடும். சிக்கல் பெண்ணிடம்தான். ஒரு முறை சேர்ந்த ஆணின் விந்தைப் பல மாதம் சேமித்து வைத்திருக்கும். மூன்று வாரத்துக்குள், வாலடிப் பக்கம் வயிற்றில் கரும்புள்ளி தெரியும் பெண் குஞ்சுகளைத் தனித்தொட்டிக்கு மாற்றாவிட்டால் அடுத்த ஈற்றுக்குத் தகப்பன் யாரென்றே தெரியாது.

ஃபைட்டர் மீனில் அந்தக் குழப்பம் கிடையாது. ஒரு ஜோடி, 10–15 செ.மீ. தண்ணீர், 28 டிகிரி, ஒரு நாட்டுப் பாதாம் இலை. முட்டையிட்டதும் பெண்ணை எடுங்கள். குஞ்சு கிடையாக நீந்தியதும் ஆணை. குஞ்சுக்கு இரை முதல் சில நாள் இன்ஃபுசோரியா என்னும் நீர் நுண்ணுயிர்கள், பிறகு ஆர்ட்டீமியா என்னும் பொடி இறால் குஞ்சு. மூன்றாம் மாதம்வாக்கில் ஆண்கள் கடித்துக்கொள்ளும், தலைக்கொரு பாட்டில் வேண்டும். நூறு பாட்டிலுக்குத் தண்ணீர் மாற்ற ஆள் உண்டா?