தானத் தாய்ப்பால்: 30 நிமிடச் சூடா, 15 நொடிச் சூடா?

தாய்ப்பால் வங்கிக்கு வரும் பாலை அப்படியே குறைமாதக் குழந்தைக்குக் கொடுத்துவிட முடியாது. கிருமிகளை அழிக்கச் சூடாக்கியாக வேண்டும்.

வழக்கத்தில் இருப்பது ஹோல்டர் முறை. பால் புட்டிகளை 62.5 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் வைத்து, உடனே குளிர வைப்பார்கள். எச்ஐவி, சைட்டோமெகலோ வைரஸ் எல்லாம் செயலிழந்துவிடும். குடலின் உட்சுவரை வளர்க்கும் இஜிஎஃப் என்ற வளர்ச்சிக் காரணி பெரும்பாலும் தப்பிவிடுகிறது. ஐஜிஎஃப்-1 என்ற இன்னொரு வளர்ச்சிக் காரணி குறைகிறது. கிருமிகளை எதிர்க்கும் லாக்டோஃபெரின் என்ற புரதம் பெருமளவு போய்விடும். கொழுப்பைச் செரிக்க உதவும் லைப்பேஸ் நொதியோ கிட்டத்தட்ட மிஞ்சுவதே இல்லை. எடை கூடத் திணறும் பிஞ்சுக்கு இது சின்ன இழப்பா?

இன்னொன்று, 72 டிகிரியில் வெறும் 15 நொடி. கிருமிகள் இதிலும் அழிகின்றன. லைப்பேஸும் ஐஜிஏ எதிர்ப்புப் புரதமும் கூடுதலாகத் தங்குகின்றன. ஆனால் பாலை மெல்லிய ஓட்டமாகச் செலுத்தும் தனிக் கருவி வேண்டும். ஹோல்டருக்குச் சூடு சீராக நிற்கும் தண்ணீர்த் தொட்டி போதும்.

பாலின் தரத்தை மட்டும் பார்த்தால் என் ஓட்டு 15 நொடிக்கே. சிறிய மருத்துவமனைக்கு ஹோல்டர்தான் சரிப்பட்டு வரும். பேசிலஸ் செரியஸ் என்ற பாக்டீரியாவின் சூடு தாங்கும் வித்துகள் இரண்டிலுமே பிழைத்துக்கொள்ளும் என்பதால், பாலைப் பீய்ச்சும்போதே கை சுத்தமாக இருக்க வேண்டும்.