ஃபைட்டர் மீன் "ஜோடி செட்"னு வித்தா தயவுசெஞ்சு வாங்காதீங்க

ஃபைட்டர் மீன் வாங்கலாம்னு இருக்கறவங்க, முக்கியமா புள்ளைங்க ஆசைப்பட்டு கேக்குதேன்னு கடைக்கு கிளம்பறவங்க இத படிச்சிட்டு போங்க. சென்னை கொளத்தூர்ல வண்ண மீன் கடைங்க வரிசையா இருக்கும்ல, அதுல ஒரு கடையில "ஃபைட்டர் ஜோடி செட்"னு 1,400 ரூபாய்க்கு தலையில கட்டிட்டாங்க. சின்ன கண்ணாடி தொட்டி, நடுவுல அக்ரிலிக் தடுப்பு, பின்பக்கம் பளபளன்னு மிரர் ஸ்டிக்கர், மேல நீல கலர் எல்இடி லைட்டு. ஒரு பக்கம் செவப்பு ஹாஃப்மூன் ஆண், இன்னொரு பக்கம் சின்ன வாலோட ஒரு "பொண்ணு". அந்த ஏரியாவுல நேர்மையா யாவாரம் பண்றவங்க நிறைய பேர் இருக்காங்க, கப்பி, மோலி மாதிரி சின்ன மீனெல்லாம் வருஷக்கணக்கா அங்கதான் வாங்கறேன், அதனால எல்லாரையும் சொல்லல. ஆனா இந்த செட்டு இப்ப வேற கடைங்கள்லயும் கண்ணுல படுது, அதான் எழுதறேன்.

கடையில ரெண்டு மீனையும் தனித்தனி பாட்டில்ல பக்கத்து பக்கத்துல வெச்சிருந்தாங்க, கடைக்காரர் நடுவுல சொருகி இருந்த அட்டைய உருவி காட்டினார். ரெண்டு மீனும் சட்டுனு செவுளையும் துடுப்பையும் விரிச்சிச்சு. "பாருங்க சார், நாள் பூரா இப்படியே விரிச்சிட்டு இருக்கும், அவ்ளோ ஹெல்த்தி. ஒரு வாரம் ரெண்டும் பாத்துக்கட்டும், அப்பறம் தடுப்ப எடுத்துட்டா முட்டை போட்டுடும்"னார். அண்ணே இது பொண்ணுதானான்னு நேராவே கேட்டேன், சத்தியமா பொண்ணுதான் சார்னு சொன்னார்.

அக்கா பையனுக்கு பிறந்தநாளுக்குன்னு வாங்கினது. மொத நாள் அவனுக்கு ஒரே குஷி, ஏன்னா மீன் உண்மையிலயே அழகாத்தான் இருந்துச்சு, செவுள் மூடி ரெண்டும் முன்னாடி தள்ளி நிக்கும், அதுக்கு கீழ கருஞ்செவப்பா ஒரு சவ்வு தாடி மாதிரி தொங்கும், வாலு அரை வட்டமா விரியும், உடம்ப வளைச்சு வளைச்சு காட்டும். ஆனா ராத்திரி வரைக்கும் நிறுத்தவே இல்ல. தடுப்பு பக்கம் போய் விரிக்கும், திரும்பினா ஸ்டிக்கர்ல அதோட உருவமே தெரியும், அதுக்கு விரிக்கும், ரூம் லைட்ட அணைச்சா இன்னும் மோசம், உள்ள எல்இடி எரியுது வெளிய இருட்டுன்னா தொட்டியோட மத்த பக்க கண்ணாடி எல்லாமே முகம் பாக்கற கண்ணாடியா ஆயிடுது. நாலஞ்சு நாள்ல வாலோட ஓரம் நார் நாரா கிழிஞ்சு போச்சு, கலர் வெளுத்துச்சு, பெல்லட் தீனி போட்டா கண்ணு முன்னாடி முழுகி போகுது, அது திரும்பி கூட பாக்கல.

இப்ப ஒரு விஷயம் தெளிவா சொல்றேன். விரிக்கறது நோய் இல்ல. இந்த மீனோட சொந்த ஊர் தாய்லாந்து பக்கம், நெல்வயல் சதுப்புன்னு ஆழமில்லாத தண்ணியில இருக்கும், அங்க ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடியே ஜனங்க வளக்க ஆரம்பிச்சு சண்டைக்குன்னே பொறுக்கி எடுத்து இனப்பெருக்கம் பண்ணி வந்தது, 2019-ல அந்த நாட்டோட தேசிய நீர்வாழ் உயிரினமாவே அறிவிச்சிருக்காங்க. இன்னொரு ஆண் எல்லைக்குள்ள வந்தா "போடா"ன்னு மிரட்டறதுதான் இந்த விரிப்பு. வயல்ல ஒருத்தன் பின்வாங்கி ஓடிடுவான், விஷயம் முடிஞ்சுடும். தொட்டியில ஓட எடம் கிடையாது, கண்ணாடியில தெரியறவன் தோத்து போகவும் மாட்டான், இவன் எவ்ளோ விரிச்சா அவனும் அவ்ளோ விரிப்பான். செவுள் மூடிய அப்படி தூக்கி வெச்சிருக்கும்போது செவுள் வழியா ஒழுங்கா தண்ணி ஓடாது, அதனால மூச்சுக்கு மேல வந்து காத்த குடிக்கணும். ஃபைட்டருக்கு மேல வந்து காத்து குடிக்கற உறுப்பு தனியா இருக்கறதாலதான் தாங்குது. தினம் ரெண்டு மூணு நிமிஷம் விரிச்சா ஒண்ணும் ஆகாது, நிறைய பேர் வேணும்னே அவ்ளோ நேரம் கண்ணாடி காட்டுவாங்க. நாள் பூரா விரிக்கறத ஹெல்த்தின்னு சொல்லி விக்கறது பச்சை பொய்.

அந்த "பொண்ணு" கதைய கேளுங்க. ரெண்டாவது வாரத்துல ஒரு காலையில பாத்தா தடுப்பு ஒரு ஓரத்துல விலகி ரெண்டும் ஒரே பக்கம் கெடக்குது. ஹாஃப்மூன் ஏற்கனவே சோர்ந்து போயிருந்ததால நல்லா கடி வாங்கியிருக்கு, வால்ல பாதி காணோம், ஒரு பக்க செதில் பேந்து இருந்துச்சு. சாயங்காலத்துக்குள்ள செத்துடுச்சு. பையன் ஸ்கூல்ல இருந்து வந்து அழுத அழுகை இருக்கே. மீன் வளத்து விக்கற தெரிஞ்ச அண்ணன் ஒருத்தர்கிட்ட மிச்சம் இருக்கறத போட்டோ எடுத்து அனுப்பினேன், பாத்த உடனே "தம்பி இது ப்ளாக்காட் ஆண்"னுட்டார். குட்டை வால் இனம், அதனால தெரியாதவங்களுக்கு பொண்ணுன்னு சொல்லி வித்துடறாங்களாம். வயசுக்கு வந்த பொண்ணு மீனுக்கு வயித்துக்கு அடியில, முன் துடுப்புக்கு பின்னாடி, அரிசி நொய் அளவுக்கு வெள்ளையா ஒரு புள்ளி தெரியும், அதுதான் முட்டை வர்ற எடம். பொண்ணும் விரிக்கும்தான், ஆனா அதுக்கு தாடி ரொம்ப சின்னது. இதுக்கு புள்ளியும் இல்ல, தாடியும் பெருசு. நெஜ பொண்ணாவே இருந்தாலும் தடுப்ப எடுத்துட்டு அப்படியே விட்டா ஆபத்துதான், முட்டை போட்டு முடிஞ்சதும் ஆண், முட்டைங்களுக்காக தண்ணி மேல அது கட்டின நுரைக்கூட்ட காவல் காக்க ஆரம்பிச்சு பொண்ண தொரத்தி தொரத்தி கடிக்கும், உடனே பிரிச்சு எடுக்கணும்.

கடைக்கு போய் கேட்டா "நீங்க மெட்ரோ வாட்டர அப்படியே ஊத்தியிருப்பீங்க"ன்னார். புடிச்சு வெச்ச தண்ணியில ஆன்டி குளோரின் போட்டுத்தான் விட்டேன், அதே தண்ணியில என் கப்பிங்க ஜோரா இருக்கு. அப்ப பொண்ணுன்னு சொன்னீங்களேன்னு கேட்டதுக்கு "ஃபைட்டர்னா சண்டை போடத்தான் செய்யும், உயிருள்ள பொருளுக்கு கேரன்டி இல்ல"ன்னு சொல்லிட்டு அடுத்த கஸ்டமர பாக்க போயிட்டார். பில்லும் கிடையாது, வாங்கும்போதே கேட்டதுக்கு மெஷின் வேலை செய்யலன்னுட்டாங்க.

இந்த மாதிரி செட்டு ஏற்கனவே வீட்டுல இருந்தா இன்னிக்கே அந்த ஸ்டிக்கர பிச்சு எறிஞ்சிடுங்க. தடுப்பு தொட்டின்னா நடுவுல அட்டையோ கருப்பு பேப்பரோ வெச்சு மறைங்க, முடிஞ்சா ஒண்ண வேற தொட்டிக்கு மாத்துங்க. ரூம் லைட்ட அணைக்கறதுக்கு முன்னாடி தொட்டி லைட்ட அணைங்க. பெரிய வாலோட இருக்கற கலர் கப்பிய கூட போட்டாலும் இன்னொரு ஆண்னு நெனச்சு விரிக்கும், புள்ளைங்க வெரல கண்ணாடியில வெச்சு ஆட்டினாலும் விரிக்கும், புதுசா ஒரு பொம்மை வெச்சா அதுக்கும் கொஞ்ச நேரம் விரிக்கும், ஆனா இந்த கடைசி ரகம் பழகிட்டா தானா அடங்கிடும். நுரைக்கூடு கட்டியிருந்தா நீங்க கிட்ட போனாலே விரிக்கும், பயப்படாதீங்க.

மிச்சம் இருந்த ப்ளாக்காட்ட இருபது லிட்டர் தொட்டியில தனியா விட்டு காஞ்ச நாட்டு பாதாம் இலை ஒண்ணு போட்டேன், மூணு பக்கமும் பேப்பர் ஒட்டினேன், இப்ப நல்லா சாப்பிடுது. கடையில "ஜோடி"ன்னு சொன்னா பாட்டில கையில வாங்கி வெளிச்சத்துல தூக்கி அந்த வெள்ளை புள்ளிய காட்ட சொல்லுங்க, காட்ட முடியலன்னா காசு குடுக்காம வந்துடுங்க.