திரையில் மட்டும் நீந்திய மீன்கள்: மலை நீர்த்தேக்கத்துக்குத் தூண்டில் பயணம் பதிவு செய்வோர் கவனத்துக்கு

ரெண்டு நாள், படகு, கைடு, தூண்டில் சாமான், பெர்மிட் எல்லாம் சேர்த்து ஒரே தொகை, பாதி முன்பணம். பேச்சு இப்படித்தான் முடிந்தது. போய்ச் சேர்ந்தபோது நீர்மட்டம் இறங்கிக் கரையெல்லாம் சேறு. படகு புறப்படவே காலை பத்து மணி. ரீலில் மக்கிப்போன தூண்டில் நரம்பு, கையில் வேறு யாரோ பெயரில் எடுத்த பெர்மிட்டின் நகல். பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, "கொத்துறதும் கொத்தாததும் இயற்கை சார்" என்றார்கள். மீன் கொத்தாததற்கு யாரையும் குறை சொல்ல முடியாது, சரி. ஆனால் கொத்தவே வாய்ப்பில்லாதபடி கூட்டிப் போவது வேறு. நடத்தியவர் பெயரை விட்டுவிடுவோம். இதே முறையில் ஓட்டுபவர்கள் பலர். எதை எங்கே பார்த்திருந்தால் முன்கூட்டியே தெரிந்திருக்கும் என்பது மட்டும் இங்கே.

முதலில் படகிலிருந்த மீன் காட்டும் கருவி. படகில் ஏறியதுமே திரையில் வில் வில்லாக மீன்கள், அடியில் மேடும் பள்ளமுமாகத் தரை. ஆழம் 12 மீட்டர் என்று காட்டியது, சற்று நேரத்தில் 18 ஆனது. படகோ இன்னும் கரையில் கயிறு கட்டியபடியே நின்றது! கடையில் வைத்துக் காட்டுவதற்கென்று இந்தக் கருவிகள் பலவற்றில் 'டெமோ' அல்லது 'சிமுலேட்டர்' என்றொரு அமைப்பு உண்டு. தண்ணீரே வேண்டாம், பதிவான படம் தானாக ஓடும். கண்டுபிடிப்பது சுலபம். படகின் பின்பக்கம் நீருக்குள் இருந்து ஒலி அலையை அனுப்பி வாங்கும் உறுப்பான டிரான்ஸ்டியூசரைக் கையால் வெளியே தூக்குங்கள். நிஜமாக ஓடும் கருவியில் ஆழ எண் விட்டுவிட்டு மின்னும் அல்லது மறைந்துவிடும். படம் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தால் நீங்கள் பார்ப்பது சினிமா. டெமோ இல்லாதபோதும் மீன் பொம்மை போட்டுக் காட்டும் வசதியை அணைத்துவிடுங்கள். மூழ்கிய கிளைக்கும் காற்றுக் குமிழிக்கும்கூட அது மீன் வரையும்.

அடுத்தது நேரமும் ஆழமும். குளிர்நீர் மீனான ட்ரவுட்டுக்கு ஏற்றது சுமார் 10 முதல் 16 டிகிரி செல்சியஸ் நீர். 20 டிகிரியைத் தாண்டினால் இரை எடுப்பது குறையும். பிடித்துத் திரும்ப விட்டாலும் பிழைப்பது சந்தேகம். கோடையில் ஆழமான நீர்த்தேக்கம் அடுக்கடுக்காகப் பிரிந்து நிற்கும். மேலே வெதுவெதுப்பு, கீழே குளிர், நடுவே சில மீட்டருக்குள் வெப்பம் சட்டென்று இறங்கும் அடுக்கு. கோடைக் கடைசியில் அடி நீரில் ஆக்ஸிஜனும் தீர்ந்துவரும். மேலே போனால் சூடு, கீழே போனால் மூச்சு முட்டும். அதனால் மீன் அந்த நடு அடுக்கை ஒட்டித்தான் நெருங்கிக் கிடக்கும். அந்தப் பருவத்தில் வெயில் ஏறியபின், கரையோரமாக 2 மீட்டர் ஆழத்தில் தக்கை கட்டிப் போடச் சொல்கிற கைடுக்கு ஏரி தெரியாது, அல்லது டீசல் மிச்சம் பிடிக்கிறார். கயிற்றில் 2 மீட்டருக்கு ஒரு முடிச்சு போட்டு, ஈயக்குண்டோடு குறுகிய வாயுள்ள சிறு பாட்டிலைக் கட்டி, அதற்குள் வெப்பமானியை வைத்து, தனிக் கயிறு கட்டிய கார்க்கால் வாயை மூடி, காலியாகவே இறக்குங்கள். ஒவ்வொரு முடிச்சு ஆழத்துக்கும் தனித்தனியாக இறக்கி, அங்கே கார்க்கைச் சுண்டித் திறந்து, இரண்டு மூன்று நிமிடம் விட்டுத் தூக்குங்கள். பாட்டிலுக்குள் அந்த ஆழத்து நீரே நிற்பதால் மேலே வருவதற்குள் அளவு பெரிதாக மாறாது. எண் சட்டென்று விழும் முடிச்சு எது என்று தெரிந்துவிட்டால் இரையை எங்கே இறக்குவது என்பதும் தெரிந்துவிடும்.

நீர்மட்டம் எவ்வளவு என்பதைப் பயணத்துக்குப் பதிவு செய்யும் முன்பே கேட்டிருக்க வேண்டும். மின்சாரத்துக்கும் பாசனத்துக்கும் தண்ணீர் திறக்கும் அணையில் மட்டம் பல மீட்டர் இறங்கலாம். படகு இறக்கும் சரிவு வறண்டுபோகும், புதிதாக வெளிப்பட்ட வண்டலில் கால் முழங்கால் வரை புதையும். விளம்பரப் படத்தில் தண்ணீர் மரத்தடியைத் தொட்டால் அது நிறைந்திருந்த நாளில் எடுத்தது. மரவரிசைக்கும் நீருக்கும் நடுவே செடி கொடி இல்லாத மொட்டைப் பட்டை தெரிகிறதா என்று பாருங்கள். நேற்றோ இன்றோ எடுத்த கரைப் படம் கேளுங்கள், தர மறுத்தால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம். விளம்பரத்தில் தூக்கிப் பிடித்திருக்கும் 'காட்டு ட்ரவுட்'டின் துடுப்புகளையும் பெரிதாக்கிப் பாருங்கள். ஓரம் தேய்ந்து கட்டையாக இருந்தால் பெரும்பாலும் பண்ணைத் தொட்டியில் வளர்ந்து வந்தது.

சாமானை இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில் ஒன்றை வைத்தே சோதித்துவிடலாம். 4 கிலோ தாங்கும் என்று சொல்லும் நைலான் நரம்பில் நிறைந்த பாட்டிலைக் கட்டி மெல்லத் தூக்குங்கள். முடிச்சில் பலம் குறைவதைக் கழித்தாலும் 2 கிலோவைத் தூக்கியே ஆக வேண்டும். எங்களுக்குத் தந்தது பாட்டில் தரையை விட்டு எழும்பும் முன்பே அறுந்தது. வெயில் பட்டுப் பட்டு வெளுத்து, விரலில் சுண்ணாம்புபோல் ஒட்டும் நரம்பு அப்படித்தான் போகும். பிறகு பாதித் தண்ணீரைக் கொட்டிவிட்டுத் தூக்குங்கள். 1 கிலோவில் ரீலின் டிராக், அதாவது இழுவை கூடும்போது நரம்பை விட்டுக்கொடுக்கும் பிரேக், மெல்ல வழுக்க வேண்டும். டிராக்கை நரம்பின் தாங்குதிறனில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை வைப்பதுதான் வழக்கம். தூண்டில் கம்பான ராடின் வளையங்களுக்குள் பஞ்சை இழுத்துப் பாருங்கள். பஞ்சு சிக்கும் வளையத்தில் விரிசல் இருக்கிறது, அது நல்ல நரம்பையும் அறுக்கும்.

பெர்மிட்டில் 'எல்லாம் சேர்த்து' என்ற சொல்லுக்கு அர்த்தமே இல்லை. மீன் ஒருவர் பொறுப்பு, நீர் ஒருவர் பொறுப்பு, கரை இன்னொருவர் பொறுப்பாக இருக்கலாம். படகுக்குத் தனி அனுமதியும் தேவைப்படலாம். ஒவ்வொன்றிலும் உங்கள் பெயர், தேதி, எந்த நீர்நிலை, எத்தனை மீன், எந்த வகை முள் என்று இருக்கிறதா பாருங்கள். பிடிபட்டால் அபராதம் தூண்டில் பிடித்திருப்பவருக்குத்தான்.

படகிலும் கண் வையுங்கள். லைஃப் ஜாக்கெட்டின் நுரையைக் கிள்ளுங்கள்; பழையபடி எழும்பாமல் பள்ளமாகவே நின்றால் வாங்காதீர்கள். 15 டிகிரிக்குக் கீழான நீரில் விழுந்தவுடன் மூச்சு தானாக இழுத்துக்கொள்ளும், நீச்சல் தெரிந்திருப்பது அந்த முதல் நிமிடத்தில் உதவாது. 2000 மீட்டர் உயரத்தில் சாதாரண மோட்டார் சுமார் ஐந்தில் ஒரு பங்கு வலுவை இழக்கும். பிற்பகலில் பள்ளத்தாக்குக் காற்று எதிரே அடித்தால் திரும்பி வரும் நேரம் இரட்டிப்பாகலாம். எரிபொருளில் மூன்றில் ஒரு பங்கு தீர்ந்ததும் படகைத் திருப்பச் சொல்லுங்கள்.

முன்பணம் கொடுக்கும்போது புறப்படும் நேரம், நீரில் இருக்கும் மணிக்கணக்கு, நீர்மட்டம் இறங்கினால் எவ்வளவு திரும்பும் என்ற மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள். 'மீன் நிச்சயம்' என்ற வாக்குறுதியைவிட இவை மூன்றும் மதிப்புள்ளவை. எங்கள் பணம் இன்னும் வரவில்லை. டிரான்ஸ்டியூசரைத் தூக்கிப் பிடித்தபடி எடுத்த வீடியோவை அனுப்பியபின் இயற்கையைப் பற்றிய பேச்சு மட்டும் நின்றிருக்கிறது.