பருத்த முயலை இளைக்க வைக்க: டிமோத்தி உலர்புல்லா, பசும்புல்லா?

முயலின் எடையைக் குறைக்கப் பெல்லட்டை, அதாவது கடையில் விற்கும் குச்சித் தீவனத்தைக் குறைக்க வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு இருக்காது. குறைத்த இடத்தை எதைக் கொண்டு நிரப்புவது என்பதில்தான் பெங்களூரில் எனக்குத் தெரிந்த முயல் வளர்ப்போர் இரண்டு பக்கமாக நிற்கிறார்கள். ஒரு பக்கம், வெளிநாட்டிலிருந்து வந்து பையில் அடைத்து விற்கப்படும், டிமோத்தி என்ற புல்வகையின் உலர்புல். மறுபக்கம், சந்தையில் கட்டாகக் கிடைக்கும் பசும்புல். ஊர் மாறிப் போன ஒரு குடும்பத்திடமிருந்து 3.1 கிலோ எடையோடு எங்கள் அல்சூர் வீட்டுக்கு வந்த மல்லி என்ற முயலுக்கு இரண்டையும் கொடுத்துப் பார்த்த பிறகு, நான் டிமோத்தியின் பக்கம் சாய்ந்துவிட்டேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிஸ்கட்டிலும் சப்பாத்தித் துண்டிலும் வளர்ந்த அந்த உடம்புக்கு 2.4 கிலோ போதும் என்பது அவளைப் பார்த்த மருத்துவரின் கணக்கு.

முயலைப் பட்டினி போட்டு இளைக்க வைக்க முடியாது. நார்ச்சத்து ஓயாமல் உள்ளே வந்துகொண்டிருந்தால்தான் அதன் குடல் நகரும். வரத்து நின்றால் குடலின் இயக்கமும் நின்றுபோகும். பருத்த முயலுக்கு இன்னோர் ஆபத்தும் உண்டு. சாப்பாடு நின்றவுடன் உடம்பில் சேர்ந்திருக்கும் கொழுப்பு கரைந்து கல்லீரலில் போய்ப் படிந்து அதைப் பழுதாக்கிவிடும். அரை நாள் எதையும் தின்னாமல், புழுக்கையும் போடாமல் ஒரு முயல் ஒடுங்கி உட்கார்ந்திருந்தால், அதை உடனே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போக வேண்டும். அதற்காக எடையை அப்படியே விட்டுவிடவும் முடியாது. பெருங்குடலின் தொடக்கத்திலுள்ள பையில் நொதித்து வரும் மென்மையான எச்சத்தை முயல் தன் ஆசனவாயிலிருந்தே வாயால் எடுத்துத் தின்றாக வேண்டும்; பி வகை வைட்டமின்களும் ஒரு பங்குப் புரதமும் அதற்கு அவ்வழியாகத்தான் கிடைக்கின்றன. தொப்பை தடுத்தால் வாய் எட்டாது. எச்சம் பின்புற ரோமத்தில் அப்பிக்கொள்ளும். ஈ வந்து முட்டையிட்டால் புழு வைத்துவிடும்.

நார்ச்சத்து கூடுதல் என்று விற்கப்படும் ‘லைட்’ பெல்லட்டைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. அளந்து போடாவிட்டால் அதுவும் பெல்லட்தான். ஓட விடுவதும் அப்படியே. அவசியம், ஆனால் அது மட்டும் போதாது. நம் அடுக்குமாடி வீடுகளின் வழவழப்பான டைல்ஸ் தரையில், பாதத்தில் மெத்தையில்லாத முயல் வழுக்குமே தவிர ஓடாது. ஒரு கோரைப்பாயை விரித்துவிட்டால் ஓடும், பாயையும் கொஞ்சம் தின்னும்.

பசும்புல்லின் பெருமையைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். முயலின் இயற்கையான உணவு அதுதான். முக்கால் பங்குக்கும் மேல் தண்ணீர் என்பதால் வயிறு நிறையும் அளவுக்கு உடம்பில் சேராது. சிறுநீரும் தாராளமாகப் போகும். செலவும் மிகக் குறைவு. அல்சூர் சந்தையில் பூக்கடைகளின் ஓரத்திலேயே அருகம்புல் கட்டு கிடைக்கிறது. நான் கட்டுக்கட்டாகக் கேட்டபோது, “வீட்ல ஏதாச்சும் ஹோமமாம்மா?” என்று விசாரித்த பூக்காரம்மா, முயலுக்கு என்றதும், “அது குடுத்து வெச்சதும்மா” என்று இன்னொரு கைப்பிடியை மேலே போட்டுக் கொடுத்தார்.

சிக்கல் அந்தக் கட்டுக்குள்ளேதான் இருக்கிறது. வாடாமலிருக்கத் தண்ணீர் தெளித்து இறுக்கிக் கட்டிய புல்லைப் பிற்பகலில் பிரித்து, நடுவில் விரலை விட்டால் வெதுவெதுப்பு தெரியும். அது நொதிக்கத் தொடங்கிய புல். அதைத் தின்ற முயலுக்கு வயிறு உப்பும். ஆகவே வாங்கி வந்தவுடன் அலசி, துணியில் பரப்பி, அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும். விநாயகர் சதுர்த்தி வாரத்தில் விலையைக் கேட்கவே வேண்டாம். பூங்காவிலும் சாலையோரத்திலும் பறிக்கலாமே என்பவர்களுக்கு, அங்கே நாய்கள் சிறுநீர் கழிப்பதையும் களைக்கொல்லி அடிப்பதையும் நினைவூட்ட வேண்டியிருக்கிறது. மாட்டுக்கு வெட்டும் நேப்பியர் புல் மலிவுதான், ஆனால் சுண்ணாம்புச் சத்தைப் பிணைத்துவிடும் ஆக்சலேட் அதில் அதிகம். அதையே முழு உணவாக்க எனக்கு மனம் வரவில்லை.

இவை எல்லாவற்றையும் சமாளித்துவிடலாம் என்றே வைத்துக்கொள்வோம். என் முடிவைத் தீர்மானித்தது இரவு. முயல் மாலை மயங்கும் வேளையிலும் விடியலை ஒட்டியும்தான் அதிகம் தின்கிறது. நாம் தூங்கும் நேரம் அதற்கு முக்கியமான சாப்பாட்டு நேரம். மாலையில் போட்ட பசும்புல் நள்ளிரவுக்குள் தீர்ந்திருக்கும், அல்லது மிதிபட்டு வாடிக் கிடக்கும். பெல்லட்டையும் குறைத்துவிட்ட நிலையில், விடியும் வரை அந்தக் குடலுக்கு வேலை இல்லை என்று பொருள். உலர்புல் அப்படியன்று. இரவு பத்து மணிக்குத் திணித்து வைத்த தட்டியில் காலை ஆறு மணிக்கும் மிச்சம் இருக்கும், அதே மணத்தோடு இருக்கும். பெல்லட்டைக் குறைக்கும் துணிவை எனக்குக் கொடுத்தது அந்த மிச்சம்தான். வாரம் முழுவதும் ஒரே உணவு என்பதால், தீவனம் திடீரென்று மாறும்போது வரும் வயிற்றுப்போக்குக்கும் இடமில்லை. எந்நேரமும் வளர்ந்துகொண்டே இருக்கும் பற்கள், காய்ந்த தண்டை நெடுநேரம் அரைப்பதால் தேய்வது கூடுதல் ஆதாயம்.

டிமோத்தியிலும் இரண்டு வகை உண்டு. முதல் அறுவடையில் தண்டும் கதிரும் அதிகம், நாரும் அதிகம். இரண்டாம் அறுவடை இலை மிகுந்தது, மெத்தென்றிருக்கும். இளைக்க வேண்டிய முயலுக்கு முதலாவதே நல்லது என்றாலும், உலர்புல்லே அறியாத முயல் அதைத் தொடாது. மல்லி முதலில் கதிர்களை மட்டும் பொறுக்கித் தின்றுவிட்டுத் தண்டுகளைக் கழிவறைத் தட்டுக்குத் தள்ளினாள். இரண்டாம் அறுவடையில் தொடங்கி, இடையிடையே கொத்தமல்லித் தழையைச் செருகி, மெல்ல முதலாவதுக்குக் கொண்டுவந்தோம். ஆல்ஃபால்ஃபா எனப்படும் குதிரைமசால் உலர்புல்லைக் கடைக்காரர் சிபாரிசு செய்தாலும் வாங்காதீர்கள். புரதமும் சுண்ணாம்புச் சத்தும் மிகுந்த அது குட்டிகளுக்கு உரியது.

விலை உறுத்தத்தான் செய்கிறது. கிலோவுக்குப் பல நூறு ரூபாய். இறைத்து வீணாக்குவதையும் சேர்த்து மாதம் மூன்று கிலோவாவது ஆகிறது. மழைக்காலத்தில் பாதுகாப்பதும் ஒரு வேலை. ஈரக் காற்றுப் பட்டால் பூஞ்சை பிடிக்கும் என்பதால், தரையில் படாமல் அட்டைப்பெட்டியில் துணி மூடி வைக்கிறோம். வெண்பொடி உதிர்ந்தாலோ முக்கல் வாடை வந்தாலோ அந்தப் பகுதியை யோசிக்காமல் கொட்டிவிட வேண்டும். உள்நாட்டில் விளையும் ஓட்ஸ் உலர்புல் இதைவிட மலிவு. முற்றிய மணிகள் இல்லாததாகப் பார்த்து ஒருமுறை வாங்கினோம், விரும்பித் தின்றாள். தொடர்ந்து கொடுத்ததில்லை என்பதால் அழுத்திச் சொல்ல மாட்டேன்.

பெல்லட்டைக் குறைப்பதில் அவசரம் கூடாது. வளர்ந்த முயலுக்கு, இருக்க வேண்டிய எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 25 கிராம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் மேல் வரம்பு. அதற்குக் கீழே வாரத்துக்கு ஐந்து கிராம் வீதம் இறங்கினோம். வாரத்தில் உடல் எடையில் 1 முதல் 2 சதவீதம் குறைவதே பாதுகாப்பான வேகம். மூன்று கிலோ முயலுக்கு அது 30 முதல் 60 கிராம்தான். முயலைக் கையில் ஏந்திக்கொண்டு நாம் ஏறி நிற்கும் எடை மெஷின் இந்த வித்தியாசத்தைக் காட்டாது. சமையலறை டிஜிட்டல் தராசின் மேல் ஒரு பிளாஸ்டிக் கூடையை வைத்து, அதில் முயலை உட்கார வைத்து, வாரம் ஒருமுறை ஒரே நேரத்தில் பாருங்கள். புழுக்கையையும் பாருங்கள்: வைக்கோல் நிறத்தில் பெரிதாக இருந்தால் மேலும் குறைக்கலாம், சிறுத்துக் கறுத்தால் அங்கேயே நிறுத்த வேண்டும். பெண் முயலின் தாடைக்குக் கீழே தொங்கும் மடிப்பு இயல்பானது. அது கரையவில்லையே என்று இன்னும் குறைத்துக்கொண்டே போகாதீர்கள்.

நான் சொல்வதெல்லாம் நடுத்தர வயது, நோயில்லாத ஒரே முயலை வைத்துத்தான். மூட்டுவலி வந்த கிழ முயலுக்கும், வளரும் குட்டிக்கும் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. எந்த வயதானாலும் தொடங்குவதற்கு முன் முயல் பார்க்கும் மருத்துவர்தானா என்று போனிலேயே கேட்டுக்கொண்டு போய்ப் பற்களைப் பார்த்துவிடுங்கள். கடைவாய்ப் பல் நாக்கில் குத்திக்கொண்டிருந்தால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய உலர்புல்லையும் அது தொடாது.