எச்டிக்குப் பணம் கட்டியும் மங்கலாக வந்த படம்: சில வருட ஓடிடி அனுபவம்

2018-லிருந்து ஓடிடியில்தான் பெரும்பாலும் படம் பார்க்கிறேன். அதில் ஒன்றரை வருடம், கட்டிய காசுக்கு உரிய தரத்தில் படம் வரவில்லை என்பதே எனக்குத் தெரியாது.

2019-ல் ஒரு போன் வாங்கினேன். முழு எச்டி திரை, வீட்டில் பைபர் இணைப்பு, எச்டி தரத்துக்கான சந்தா, எல்லாமே இருந்தன. ஆனால் இரவுக் காட்சி வந்தால் முகங்கள் கட்டம் கட்டமாகச் சிதறும். ரவுட்டரை மாற்றினேன், இணைப்புக்காரர்களை நாலு முறை வரவழைத்தேன். கடைசியில் ஒரு நண்பர் சொல்லி 'டிஆர்எம் இன்ஃபோ' என்ற செயலியைப் போட்டுப் பார்த்தேன். வைட்வைன் பாதுகாப்பு நிலை: எல்3. அந்த ஒரு வரியில் விஷயம் முடிந்தது.

வைட்வைன் என்பது ஆண்ட்ராய்டில் ஓடிடி படங்களுக்குப் போடப்படும் பூட்டு. 2010-ல் கூகுள் வாங்கிய நிறுவனத்தின் தொழில்நுட்பம். இதில் எல்1 உயர்ந்த பாதுகாப்பு நிலை, எல்3 கடைசி நிலை. எல்1 கருவியில் பூட்டைத் திறப்பதும் சுருக்கிய படத்தை விரிப்பதும் பிராசஸரின் பாதுகாக்கப்பட்ட பகுதிக்குள்ளேயே நடக்கும். மற்ற செயலிகள் எட்டிப் பார்க்க முடியாது. எல்3-ல் அந்த வேலை வெறும் மென்பொருளில் நடக்கிறது, உடைப்பது சுலபம். அதனால் பல சேவைகள் எல்3 போனுக்கு எச்டியை அனுப்புவதே இல்லை. போன் பெட்டியில் இதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. சந்தா கட்டும் பக்கத்திலும் கிடையாது. எனக்கு இன்றுவரை ஆறாத வருத்தம் இதுதான்.

அதன் பிறகுதான் இதெல்லாம் எப்படி நடக்கிறது என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். ஒரு படத்தைப் பல தரங்களில் என்கோடிங் செய்து, அதாவது டேட்டா அளவு குறையும்படி சுருக்கி, சில நொடி நீளத் துண்டுகளாக வெட்டி வைக்கிறார்கள். நெட் வேகத்தைப் பார்த்து, அடுத்த துண்டு எந்தத் தரத்தில் வேண்டும் என்று பிளேயரே கேட்டு வாங்கிக்கொள்ளும். துண்டுகள் மறையாக்கம் செய்யப்பட்டே, அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டியே வரும். சாவி தனியாக உரிம சர்வரிலிருந்து வரும். ஆண்ட்ராய்டுக்கு வைட்வைன், ஆப்பிளுக்கு ஃபேர்ப்ளே, மைக்ரோசாஃப்டுக்கு பிளேரெடி என்று பூட்டு மட்டும் மாறும்.

இதில் என்கோடிங் பகுதியை மனதாரப் பாராட்டுவேன். முன்பு நெட்ஃபிளிக்ஸ் எந்தப் படமானாலும் 1080பி (முழு எச்டி) தரத்துக்கு உச்சமாக நொடிக்கு 5800 கிலோபிட் டேட்டா என்று ஒரே அளவு வைத்திருந்தது. பெரிய வண்ணப் பரப்புகள் உள்ள கார்ட்டூனுக்கு அவ்வளவு தேவையில்லை; மழையும் கூட்டமுமாக ஓடும் சண்டைக் காட்சிக்கு அது போதாமலும் போகலாம். 2015 டிசம்பரில், ஒவ்வொரு படத்தையும் ஆராய்ந்து அதற்கேற்ற அளவைத் தீர்மானிக்கும் முறையை அறிவித்தார்கள். 2018-ல் வந்த ஏவி1 கோடெக் (படத்தைச் சுருக்கி விரிக்கும் முறை) இன்னும் குறைந்த டேட்டாவில் அதே தரத்தைத் தருகிறது. பேருந்தில் மொபைல் டேட்டாவில் மகள் கார்ட்டூன் பார்க்கும்போது படம் அவ்வளவு தெளிவாக இருக்கும். இதற்குப் பின்னால் உழைத்தவர்களை நினைத்துக்கொள்வேன்.

பூட்டுப் பக்கம் அப்படிச் சொல்ல முடியவில்லை. ஒரு தீபாவளிக்கு வீட்டில் பதினைந்து பேர், மடிக்கணினியை புரொஜெக்டரில் மாட்டினால் சத்தம் வருகிறது, படம் கறுப்பு. நடுவில் இருந்த பழைய எச்டிஎம்ஐ ஸ்ப்ளிட்டருக்கு (ஒரு கேபிளைப் பலவாகப் பிரிக்கும் பெட்டி) எச்டிசிபி, அதாவது கேபிள் வழியாகப் போகும் படத்துக்கான பூட்டு, தெரியாததுதான் காரணம். அதைக் கழற்றிவிட்டு நேராக மாட்டியதும் சரியானது. அதற்குள் குழந்தைகள் தூங்கிவிட்டார்கள். இன்னொரு முறை ரயிலுக்காக டவுன்லோட் செய்த படம், பாதி பார்த்து நிறுத்தியதில், பார்க்கத் தொடங்கியதிலிருந்து ஓடும் 48 மணி நேரக் கெடு முடிந்து பூட்டிக்கொண்டது.

பூட்டே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒரு படத்துக்குப் பின்னால் நூற்றுக்கணக்கானவர்களின் உழைப்பு இருக்கிறது. அதனால்தான் காசு கட்டிப் பார்க்கிறேன். ஆனால் திருட்டுப் பிரதி எந்தப் பூட்டும் இல்லாமல் முழுத் தரத்தில் சுற்றுகிறது, இந்தக் கெடுபிடியெல்லாம் சந்தா கட்டியவர் தலையில்தான் விழுகிறது. 'உங்கள் கருவிக்கு இந்தத் தரம்தான் வரும், காரணம் இது' என்று பணம் வாங்கும் முன்பே திரையில் காட்டலாமே. கருவியின் நிலை என்ன என்று அவர்கள் செயலிக்குத் தெரியும்.

போன மாதம் அக்காவுக்கு டேப்லெட் வாங்கக் கடைக்குப் போனோம். டெமோவுக்கு வைத்திருந்ததில் அந்த 'டிஆர்எம் இன்ஃபோ' செயலியைப் போட்டுப் பார்க்கலாமா என்று கேட்டேன். கடைக்காரத் தம்பி முதலில் தயங்கினார், அப்புறம் தன் ஹாட்ஸ்பாட்டையே கொடுத்தார். முதலில் பார்த்தது எல்3. இரண்டாயிரம் ரூபாய் கூடுதலாக இருந்தாலும் பக்கத்தில் இருந்த எல்1-ஐ எடுத்துக்கொண்டோம்.