மஞ்சளைச் செல்லுல டெஸ்ட் பண்ண எது தோது: ஜிஎஃப்பியா, லூசிபெரேஸா?

ஈரோடு, கோயமுத்தூர் பக்கம் பயோடெக் ப்ராஜெக்ட்னா சுத்திச் சுத்தி மஞ்சள்ல இருக்கற குர்குமின்ல வந்து நின்னுருதுங்க. வீக்கத்தைக் கிளப்பற என்எஃப் கப்பா பிங்கற புரோட்டீனை குர்குமின் அடக்குதான்னு பாக்கணும்னா, அந்தப் புரோட்டீன் வந்து ஒட்டற டிஎன்ஏ துண்டுக்குப் பின்னாடி, அது வேலை செய்யறதை வெளிச்சமாக் காட்டற ஒரு ரிப்போர்ட்டர் ஜீனைச் சேத்து செல்லுக்குள்ள விடணும், எந்த ஜீனைங்கறதுலதான் பாதிப்பேரு அவசரப்படறாங்க.

ஜிஎஃப்பிங்கறது பச்சையா மினுங்கற புரோட்டீன், அதுக்கு எதையும் ஊத்தற வேலை இல்லீங்க, செல்லை உசுரோடயே மைக்ராஸ்கோப்புல பாக்கலாம். ஆனா நீல லைட்டை வெளிய இருந்து அடிக்கணும், அந்த லைட்டு பட்டா குர்குமினே பச்சையா மினுங்கும், அப்புறம் மினுங்கறது ஜீனா மஞ்சளான்னு எப்படிங்க பிரிக்கறது? அதுவுமில்லாம ஜிஎஃப்பி லேசுல அழியாது, அரை ஆயுசே ஒரு நாளுக்கு மேல, ஜீன் அடங்கின பொறகும் பழைய வெளிச்சம் அப்படியே கெடக்கும்.

லூசிபெரேஸ்ங்கறது வெளிச்சம் உண்டாக்கற என்ஸைம், மின்மினிப்பூச்சியோடது செல்லுக்குள்ள சுமாரா 3 மணி நேரத்துல பாதியாயிரும், அதனால ஜீன் ஏறி எறங்கறது உடனே தெரியுது. அது எரிக்கற லூசிபெரின், செல்லுக்குச் சக்தி தர்ற ஏடிபி, மெக்னீசியம், ஆக்சிஜன் இருந்தாப் போதும், வெளி லைட்டே வேண்டாம், வர்ற வெளிச்சமும் 560 நானோமீட்டர் பக்கம், குர்குமின் அதைப் பெருசா முழுங்காது.

நானோலக்குங்கற இன்னொரு லூசிபெரேஸ் 2012ல வந்தது, ஆழ்கடல் இறால்ல இருந்து எடுத்து மாத்தினது, சைஸும் சின்னது, வெளிச்சம் மின்மினியை விட நூறு மடங்குக்கு மேல. மத்த வேலைக்கு அருமை, ஆனா அது நீல வெளிச்சம், மஞ்சள் நிறச் சாமான் நீலத்தைத்தான் இழுத்துக்கும், அதனால இந்த வேலைக்கு நான் மின்மினியைத்தான் சொல்லுவேன்.

கூடவே ரெனில்லாங்கற கடல் உசுரோட லூசிபெரேஸையும் ஒப்பிட்டுப் பாக்கப் போடுங்க. டிஎன்ஏ ப்ளேட்டோட எல்லாக் குழியிலயும் ஒரே அளவு ஏறாதுல்ல, வெள்ளை ப்ளேட்டுல செல்லை உடைச்சு முதல் ரீஏஜென்ட் ஊத்தி மின்மினியைப் படிச்சுட்டு, அதை அணைக்கற ரெண்டாவதை ஊத்தினா ரெனில்லா எரியும், மின்மினி நம்பரை அதால வகுத்துக்கலாம். ரெனில்லாவும் நீலம்தான், அதனால உடைக்கறதுக்கு முன்னாடி மிச்சக் குர்குமின் போக செல்லை நல்லாக் கழுவோணும். ரெண்டுமே சேந்து விழுந்தா செல்லு செத்துருச்சான்னு தனியா பாருங்க.

இன்னொண்ணு கட்டாயங்க: மருந்து படாத செல்லை உடைச்ச தண்ணில குர்குமினை நேரா கலந்து படிச்சுப் பாக்கோணும். அங்கயும் நம்பர் எறங்குச்சுன்னா அது அடக்கினது ஜீனை இல்ல, என்ஸைமை, இல்லாட்டி வெளிச்சத்தை. திராட்சைல இருக்கற ரெஸ்வெராட்ரால் மின்மினி என்ஸைமை நேராவே தடுக்கும்னு ஏற்கெனவே தெரிஞ்ச சங்கதிதான், அதனால செடிச் சாறு எதா இருந்தாலும் இந்த ஒரு குழியை விட்டுராதீங்க.